தென் சூடான் தடை நீடிப்பு: மட்டக்களப்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மட்டக்களப்பு நகரில் ஒரு சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவேன், கடிதம் மொழிபெயர்ப்பேன். சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் இங்கே வந்த தொண்டு நிறுவனங்களில் களஞ்சியம், வாகனம், கண்ணிவெடி அகற்றல் என்று தொழில் பழகிய பிள்ளைகள் சிலர் இப்போது தென் சூடானில் வேலை செய்கிறார்கள். ஏப்ரல் பிறந்தால் போதும், அவர்களைப் பெற்றவர்கள் ஒவ்வொருவராக என் மேசைக்கு வருவார்கள். "அமெரிக்கா அவசரகாலத்தை நீடிச்சிட்டாமே ஐயா, பிள்ளைக்கு ஏதும் வருமா?" ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைக்கிறேன்.

தென் சூடானில் அவசரகாலச் சட்டம் போட்டுவிட்டார்களா?

இல்லை. தென் சூடான் நிலைமையைக் காரணம் காட்டி அவசரகால நிலை பிரகடனமானது அமெரிக்காவில். முதலில் எனக்கும் இது விளங்கவில்லை. அவசரகாலச் சட்டம் என்றாலே நமக்கு ஊரடங்கு, சுற்றிவளைப்பு, தலையாட்டி, இரவில் கதவு தட்டும் சத்தம். அமெரிக்காவின் இந்த ‘தேசிய அவசரகால நிலை’ அந்த மாதிரி இல்லை. வாஷிங்டன் தெருவில் ஒருவர்கூடச் சோதிக்கப்பட மாட்டார். அது ஒரு அலுமாரிச் சாவி மாதிரி. 1977இல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். வெளிநாட்டிலிருந்து வரும் ‘வழக்கத்துக்கு மாறான, அசாதாரணமான அச்சுறுத்தல்’ ஒன்று இருப்பதாக ஜனாதிபதி பிரகடனம் செய்தால்தான் அந்த அலுமாரி திறக்கும். திறந்தால் சொத்துகளை முடக்கலாம், கொடுக்கல் வாங்கலை நிறுத்தலாம். ஆக ‘அவசரகாலம்’ என்பது அங்கே ஒரு சட்டச் சொல். தென் சூடானில் சண்டை நடப்பது உண்மை. ஆனால் இந்தக் கடதாசி அந்த மண்ணில் எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை.

2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதம் என்று அமெரிக்கா அறிவித்ததே ஒரு வரி, அதற்கும் இதே 1977 சட்டத்தைத்தான் கையில் எடுத்தார்கள். அந்த வரி நீதிமன்றப் படி ஏறியது வேறு கதை.

எப்போது தொடங்கியது? எதற்காக?

தென் சூடான் 2011 யூலை 9இல் சுதந்திரம் பெற்ற நாடு. இரண்டரை வருடம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 2013 டிசம்பர் 15இல் தலைநகர் ஜூபாவில் ஜனாதிபதி சல்வா கீரின் ஆட்களுக்கும், அதற்குச் சில மாதங்களுக்கு முன் பதவி பறிக்கப்பட்ட உப ஜனாதிபதி ரியேக் மச்சாரின் ஆட்களுக்கும் மோதல் வெடித்தது. கீர் டிங்கா இனத்தவர், மச்சார் நுவேர் இனத்தவர். அரசியல் சண்டை சில நாட்களில் இனச் சண்டையானது. அது எப்படி ஆகும் என்று நம்மூர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

இதைக் காரணம் காட்டி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யும் 13664ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையில் 2014 ஏப்ரல் 3இல் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். ஏப்ரல் 3 என்ற தேதி அங்கேயிருந்துதான் வருகிறது.

ஒருதடவை போட்டால் போதாதா? ஏன் வருடா வருடம் நீடிக்கிறார்கள்?

அமெரிக்காவின் தேசிய அவசரகாலச் சட்டம் 1976இல் வந்தது. அதற்கு முன் போட்ட அவசரகால நிலைகள் கேட்பாரில்லாமல் பல்லாண்டுகளாக அப்படியே கிடந்தன. அதனால் ஒரு கடிவாளம் வைத்தார்கள்: ஆண்டு நிறைவு நாளோடு அவசரகால நிலை தானாகவே செத்துவிடும். உயிரோடு வைக்க வேண்டுமென்றால், அந்த நாளுக்கு முந்திய 90 நாட்களுக்குள் ஜனாதிபதி ஓர் அறிவித்தலில் கையெழுத்திட்டு, ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அவர்களுடைய வர்த்தமானியில் போட்டு, அவர்களுடைய பாராளுமன்றமான காங்கிரசுக்கும் அனுப்ப வேண்டும். அந்தத் துண்டுக் கடதாசிதான் வருடா வருடம் நீங்கள் செய்தியில் கேட்கும் ‘நீடிப்பு’. ஒபாமா நீடித்தார், ட்ரம்ப் நீடித்தார், பைடன் நீடித்தார். கட்சி மாறியும் கடதாசியின் வாசகம் மாறவில்லை. முந்திய வருடத்து அறிவித்தலையும் அடுத்த வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தேதியைத் தவிர வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம்முடைய அவசரகால நிலை 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. அது ஒரு மாதம்தான் செல்லும். பிரகடனத்துக்கு 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகாரம் கொடுக்க வேண்டும். மாதம் ஒருதடவை வானொலியில் ‘அவசரகாலச் சட்ட நீடிப்புப் பிரேரணை மேலதிக வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1983இலிருந்து 2011 ஆகஸ்ட் வரை, இடையில் சில வருடம் விட்டு விட்டு, அதுதான் நிலைமை. அந்த வாக்கெடுப்பு பெயருக்குத்தான் என்று நாங்கள் சலித்துக்கொள்வோம். ஆனால் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒரு கிழக்கு மாகாண எம்.பி. எழும்பி, காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லவாவது அந்த விவாதம் இடம் கொடுத்தது. பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் அது இருக்கிறது. அமெரிக்க நீடிப்புக்கு வாக்கெடுப்புத் தேவையே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருதடவை காங்கிரஸ் கூடி இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 1976 சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஏட்டில்தான். முன்பு இரு சபைகளும் தீர்மானம் போட்டால் ஜனாதிபதியின் கையெழுத்து இல்லாமலே அவசரகாலத்தை முடிக்க முடிந்தது. 1983இல் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்றது. 1985இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது காங்கிரஸ் முடித்து வைக்க நினைத்தாலும் ஜனாதிபதி வீட்டோ போடலாம்.

ஆகவே கடிவாளம் இருக்கிறது, பிடிக்க ஆளில்லை. பத்துத் தடவைக்கு மேல் நீடித்த ஒன்றை அவசரம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

நீடித்தால் மறுநாள் என்ன மாறும்?

ஒன்றுமே மாறாது. புதிய பெயர் சேராது, பழைய பெயர் போகாது. நேற்று எப்படியோ இன்றும் அப்படியே.

அப்படியானால் தென் சூடான் முழுவதற்கும் பொருளாதாரத் தடையா?

இதுதான் அதிகம் பேர் கேட்பது. காரணமும் எனக்குத் தெரியும். ‘பொருளாதாரத் தடை’ என்று நாங்கள் படித்தது புத்தகத்தில் அல்ல, வவுணதீவுச் சாவடியில்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலம். கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து போகும் சாமான்களுக்குக் கட்டுப்பாடு: யூரியா, சீமெந்து, எரிபொருள், பற்றரி. தொண்ணூறுகளில் ஒருநாள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாமி வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். பையில் ஒரு பக்கெற் மெழுகுதிரி, இரண்டு சவர்க்காரம், டோர்ச்சுக்கு இரண்டு பற்றரி. சாவடியில் நின்றவர் மெழுகுதிரியை எண்ணிப் பார்த்துத் திருப்பித் தந்தார். சவர்க்காரத்தை மணந்து பார்த்தார். பற்றரி இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் தகரத்துக்குள் போட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன், தகரம் கழுத்துவரை பற்றரி. மாமியின் டோர்ச் அந்த மாரி முழுக்க ஆணியில் தொங்கியது.

அது நிலத்துக்குப் போட்ட தடை. அந்தப் பக்கம் யார் இருந்தாலும், குழந்தையோ கிழவியோ, தடை தடைதான். தென் சூடானுக்கு அமெரிக்கா போட்டிருப்பது அதுவல்ல. அது ஆளுக்குப் போட்ட தடை. அவர்களுடைய திறைசேரிக்குக் கீழ் ஒஃபாக் என்று ஓர் அலுவலகம், வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். அது ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ளவரின் சொத்து அமெரிக்காவில் இருந்தால் முடக்கம். அமெரிக்கர் எவரும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது. அவருக்கு 50 வீதமோ அதற்கு மேலோ சொந்தமான கம்பனியும், பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், முடங்கியதாகவே கணக்கு. மற்றப்படி ஜூபா சந்தையில் கடை வைத்திருப்பவருக்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை.

பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்?

2014 மே மாதம் முதலில் இரண்டு பேர்: அரச தரப்பில் ஜனாதிபதிப் பாதுகாப்புப் படையின் தளபதி மரியல் சனுவோங், கிளர்ச்சித் தரப்பில் தளபதி பீற்றர் கடெட். தராசு மாதிரி ஒரு பக்கத்துக்கு ஒருவர். 2017 செப்டம்பரில் முன்னாள் படைத் தலைவர் போல் மலோங், தகவல் அமைச்சர் மைக்கல் மகுவெய் உட்பட மூவர். 2019 டிசம்பரில் இரண்டு அமைச்சர்கள். கவனித்துப் பாருங்கள், நாட்டின் ஜனாதிபதியோ மச்சாரோ இதில் இல்லை. அதைக் கேட்டால் சமாதானப் பேச்சுக்கு ஆள் வேண்டுமே என்பார்கள்.

ஐ.நா. தடை என்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. நமக்கு, இலங்கையர் என்ற முறையில், ஐ.நா.வினதுதான் முக்கியம்.

பாதுகாப்புச் சபை 2015 மார்ச்சில் 2206ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் தென் சூடானுக்குத் தடை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: பயணத் தடை, சொத்து முடக்கம். ஆயுதத் தடை வந்தது 2018 யூலையில். சபையில் 15 பேர். ஒரு தீர்மானம் நிறைவேற 9 வாக்கு வேண்டும். அன்றைக்கு விழுந்தது சரியாக 9. மீதி 6 பேர் நடுநிலை வகித்தார்கள். 2025 மே 30இல் இன்னொரு வருடத்துக்கு நீடித்தபோதும் 9தான், 6 பேர் விலகல். ஒரு வாக்குக் குறைந்திருந்தாலும் ஆயுதத் தடை போயிருக்கும். அமெரிக்க நீடிப்பில் இல்லாத இழுபறி இதில் இருக்கிறது. ஆபிரிக்க நாடுகள் சில ‘எங்கள் பிரச்சினைக்கு எங்களைக் கேளுங்கள்’ என்று பல வருடமாகச் சொல்லிவருவது இந்தச் சபையில்தான்.

இலங்கை 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தை வைத்து, பாதுகாப்புச் சபையின் தடைகளை ஒழுங்குவிதிகளாக வர்த்தமானியில் வெளியிடுகிறது. ஆகவே ஐ.நா. பட்டியல் நம் வங்கிகளையும் கட்டும். அமெரிக்கப் பட்டியல் இலங்கைச் சட்டமல்ல. ஆனால்... அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

மகன் ஜூபாவிலிருந்து அனுப்பிய காசு ஒரு கிழமையாக வரவில்லை. தடையா?

பெரும்பாலும் தடை அல்ல, தடையின் நிழல்.

மகன் டொலரில் அனுப்புகிறார். டொலர் நேரே மட்டக்களப்புக்குப் பறந்து வராது. நடுவில் நியூயோர்க்கில் ஒரு வங்கி இருக்கும். அங்கே கொம்பியூட்டர், அனுப்புபவர் பெயர், பெறுபவர் பெயர், ஊர், காரணம் எல்லாவற்றையும் ஒஃபாக் பட்டியலோடு ஒட்டிப் பார்க்கும். ‘சவுத் சூடான்’ என்ற இரண்டு சொல்லைக் கண்டாலே சில வங்கிகள் நிறுத்திவைத்துக் கேள்வி அனுப்பும். இந்தச் சட்டத்தை வேண்டுமென்றே மீறினால் 10 லட்சம் டொலர் வரை தண்டம், 20 வருடம் வரை சிறை. உங்கள் மகனின் 400 டொலரில் அவர்களுக்குக் கிடைக்கும் கமிஷன் ஒரு தேத்தண்ணிக் காசு. யார் தலை கொடுப்பார்கள்? சட்டம் ‘இன்னாரைத் தொடாதே’ என்கிறது. வங்கி ‘அந்தப் பக்கமே போகாதே’ என்று எடுத்துக்கொள்கிறது. கவுண்டருக்கு உள்ளே இருந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன், மறைப்பானேன்.

பெயர்ப் பொருத்தம் இன்னொரு தலையிடி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரும் சொந்தப் பெயரும்தான். ஒரே சோடிப் பெயரில் கிழக்கு மாகாணத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் முஹம்மது என்று தொடங்கும் பெயருக்கு இன்னும் கஷ்டம். 2014 மார்ச்சில் நம் அரசே, பயங்கரவாதத்துக்குப் பணம் போவதைத் தடுக்கும் ஐ.நா.வின் 1373ஆம் தீர்மானத்துக்கான ஒழுங்குவிதியின் கீழ் 16 அமைப்புகளையும் 424 பேரையும் பட்டியலிட்டபோது, பெயர் ஒத்துப்போனதாலேயே கணக்குப் புத்தகத்தோடு ஓடிவந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

போன வருடம் ஓட்டமாவடியிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரு வங்கி, பெயர் வேண்டாம், அவருடைய காசை 11 நாள் பிடித்து வைத்துவிட்டு, "மேலதிக விபரம் தேவை" என்று ஒரு வரிக் கடிதம் கொடுத்திருந்தது. என்ன விபரம் என்று கடிதத்தில் இல்லை. மகனிடமிருந்து நாலு தாள் எடுப்பித்தேன்: வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு, கடவுச்சீட்டுப் பிரதி, அனுப்பிய வங்கியிடமிருந்து ஸ்விஃப்ட் செய்தியின் (வங்கிக்கு வங்கி போகும் பண அறிவித்தல்) பிரதி. அத்தோடு அம்மாவின் அடையாள அட்டையையும் மகனின் பிறப்புச் சான்றிதழையும் வைத்து ஒரு கடிதம். மூன்றாம் நாள் காசு விழுந்தது. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது: இந்தத் தாள்களைக் காசு நின்ற பிறகு தேடாமல் முதலே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மகனிடம் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுத வேண்டாம், ‘சம்பளத்திலிருந்து குடும்பச் செலவு’ என்று எழுதச் சொல்லுங்கள். முழுப் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்திலேயே இருக்கட்டும்.

அங்கே வேலை செய்வதே குற்றமாகுமா?

இல்லை. இலங்கை இராணுவத்தின் மருத்துவமனையொன்று 2014இலிருந்து ஐ.நா. அமைதிப்படையின் கீழ் போர் என்ற நகரில் இயங்கியிருக்கிறது. (ஊரின் பெயரே போர். நம் காதுக்கு என்னவோ செய்கிறது.) மனிதாபிமான வேலைக்கு 2022 டிசம்பரில் பாதுகாப்புச் சபை 2664ஆம் தீர்மானத்தில் பொதுவான விலக்குக் கொடுத்தது. ஐ.நா. சொத்து முடக்கம் இனி நிவாரணத்துக்குக் குறுக்கே நிற்காது. அமெரிக்கத் திறைசேரியும் அதே மாதத்தில் அதற்கு ஒத்த பொது அனுமதிகளைக் கொடுத்தது. வேலை கொடுப்பவர் யார், அவருக்குப் பின்னால் யார் என்பதை மட்டும் பாருங்கள். தளபதி ஒருவரின் கம்பனியில் பாதுகாப்பு வேலை என்று முகவர் யாரும் சொன்னால், அப்போது யோசியுங்கள்.

விசா நிறுத்தினார்களே, அது இதன் பாகமா?

இல்லை. 2025 ஏப்ரல் 5இல் தென் சூடான் கடவுச்சீட்டுக்காரரின் விசாக்களை அமெரிக்கா ரத்துச் செய்தது, நாடு கடத்திய ஆளைத் திருப்பி எடுக்கவில்லை என்ற தகராறில். அவசரகாலத் தடையோடு அதற்குத் தொடர்பில்லை. தேதி கிட்டக் கிட்ட வந்ததால் குழப்பம்.

இவ்வளவு வருடம் நீடித்தும் சண்டை நின்றதா?

நிற்கவில்லை. 2015 ஆகஸ்டில் ஒப்பந்தம், 2016 யூலையில் ஜூபாவிலேயே மறுபடி மோதல். 2017 பெப்ரவரியில் யூனிட்டி மாநிலத்தில் பஞ்சம் என்று பிரகடனம். 2018 செப்டம்பரில் புதிய ஒப்பந்தம். அதுவரை ஏறக்குறைய 3,83,000 பேர் யுத்தத்தாலும் அதன் விளைவுகளாலும் இறந்திருப்பார்கள் என்று லண்டன் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2024 டிசம்பரில் நடக்க வேண்டிய தேர்தல் 2026 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக் காவலில். செப்டம்பரில் அவர்மேல் தேசத்துரோகக் குற்றச்சாட்டு.

தடை ஏன் கடிக்கவில்லை? அந்த நாட்டு அரசின் வருமானத்தில் மிகப் பெரிய பங்கு எண்ணெய். அது குழாய் வழியே வடக்கே சூடானுக்குப் போய், போர்ட் சூடானில் கப்பல் ஏறுகிறது. வாங்குபவர் அமெரிக்கர் அல்லர். தளபதிகளின் வீடும் பணமும் கம்பாலாவிலும் நைரோபியிலும் இருப்பதாகத்தான் பேச்சு. நியூயோர்க்கில் முடக்குவதற்கு அதிகமில்லை. எண்ணெய் வருமானத்தைத் தடையைவிட மோசமாக அடித்தது 2023 ஏப்ரலில் சூடானில் தொடங்கிய யுத்தம். 2024 பெப்ரவரியில் அந்தக் குழாய் உடைந்தது.

அதற்காகத் தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயுதத் தடை இல்லாவிட்டால் இன்னும் பகிரங்கமாக வாங்கியிருப்பார்கள். பட்டியலில் பெயர் வருவது, கொன்றவனின் பெயரை ஓர் அரசு எழுத்தில் வைப்பது. அதன் அருமை பெயர் வராத ஊர்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். என் ஆத்திரம் வேறு: ஒவ்வொரு ஏப்ரலும் ‘இந்தத் தடை என்ன செய்தது’ என்று ஒரு பக்கமாவது எழுதிவிட்டு நீடிக்கலாமே. அந்த அறிவித்தலில் அப்படி ஒரு வரி கிடையாது.

நம் நாட்டவர் மேல் இப்படித் தடை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அவசரகாலப் பிரகடனம் அல்ல. 2023 யனவரியில் கனடா மஹிந்த, கோட்டாபய ராஜபக்ஷ உட்பட நான்கு பேருக்குத் தடை விதித்தது. 2025 மார்ச் 24இல் பிரித்தானியா நான்கு பேருக்கு: சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, அப்புறம் நம் மாவட்டத்துக் கருணா அம்மான் என்ற விநாயகமூர்த்தி முரளிதரன். பயணத் தடையும் சொத்து முடக்கமும். ‘அப்போ நாங்கள் லண்டனுக்குக் காசு அனுப்பலாமா’ என்று அந்தக் கிழமை கேட்டவர்கள் ஒரு டசின். தாராளமாக அனுப்பலாம். அது அந்த நான்கு பேரோடு.

வேறு நாட்டின் மேல் போட்ட தடை நம்மேல் தெறித்ததும் உண்டு. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு 25.1 கோடி டொலர் கடன், கட்ட வழியில்லை. 2021 டிசம்பரில் மாதம் 50 லட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கொடுப்பதென்று ஒப்பந்தம் போட்டார்கள். 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்ட் இரண்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியதும், பாசிக்குடாவுக்கு வந்த ரஷ்யர்களின் அட்டை வேலை செய்யாமல் போனது.

எப்போதுதான் முடியும்?

ஜனாதிபதி முடிக்கும்போது, அல்லது அறிவித்தல் போடாமல் விட்டால். முடிந்தவை உண்டு: லைபீரியா 2015இல், ஐவரி கோஸ்ட் 2016இல், புருண்டி 2021இல், சிரியா 2025 யூன் 30இல். மியன்மாரில் 2016இல் முடித்து, இராணுவச் சதிக்குப் பிறகு 2021 பெப்ரவரியில் புதிதாகத் தொடங்கினார்கள். மறுபக்கம், 1979 நவம்பர் 14இல் கார்ட்டர் ஈரானுக்காகப் பிரகடனம் செய்தது இன்னும் நடக்கிறது. அப்போது எனக்கு மீசைகூட வரவில்லை.

அப்போ ஏப்ரல் முதல் கிழமையில் காசு அனுப்பச் சொல்லலாமா, பொறுக்கச் சொல்லலாமா?

அனுப்பச் சொல்லுங்கள். ஏப்ரல் 3ஆல் ஒருநாளும் தாமதம் வராது. 10ஆம் தேதிக்கு முன் வந்து சேர்கிற மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். 13ஆம் 14ஆம் தேதி புத்தாண்டுக்கு வங்கி பூட்டு.